மல்லாட்டை நிறக் கூடம்

இருதயமேரி ஈரச் சுவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டாள், நன்றாக இல்லை என்றும் சொல்ல மாட்டாள். கேட்டவர் ஊர்ப் பெரியவராக இருந்தாலும் சரி, கோயில் பாதிரியாராக இருந்தாலும் சரி, "காயட்டுங்க, அப்பறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வெள்ளையடிக்கும் மட்டையை அலசப் போய்விடுவாள். சுண்ணாம்பில் கலந்த சாயம் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். பானையில் அடர்த்தியாகத் தெரிவது சுவரில் காய்ந்ததும் பாதியாக வெளுத்துவிடும். இது தெரியாமல் பானையைப் பார்த்தே மயங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். பதினாறு வயதில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

ஒலக்கூரை ஒட்டி எங்கள் ஊர். ஓடைக்கு அந்தப் பக்கம் சேரி. இருதயமேரி அங்கேதான் பிறந்தாள், அங்கேயே சவுரிராயனுக்கு வாழ்க்கைப்பட்டாள். சவுரிராயன் மரக்காணத்திலிருந்து வண்டியில் வரும் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, பொங்கலுக்கு முன்னால் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறவன். முதலில் அவனுக்குத் தண்ணீர் தூக்கத்தான் அவள் கூடப் போனாள். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. ஏரிக்கரைப் பள்ளத்திலிருந்து மஞ்சள் மண்ணை வெட்டி வந்து கரைத்துப் பார்த்தாள். காவிக்கல்லை இழைத்துப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் முன்பு அவுரி பயிரிட்டவர்கள் வீட்டில் கிடந்த நீலக்கட்டியைக் கேட்டு வாங்கிச் சுண்ணாம்பில் கலந்தாள். இரண்டு வருஷத்தில் தண்ணீர் தூக்குகிறவன் சவுரிராயன், சாயம் கலக்குகிறவள் அவள் என்று ஆகிவிட்டது. அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. "என் கை பூசும், அவ கண்ணு பாக்கும்" என்று சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் அந்தக் கண் பார்த்ததெல்லாம் வெளிச்சுவர்தான். மதில், மாட்டுக்கொட்டகை, வண்டிக் கொட்டாய், வீட்டின் வெளிப்பக்கம், இவ்வளவோடு சரி. ஊரில் எந்த வீட்டுக்கும் உள்ளே அவர்கள் வரக்கூடாது. அவர்கள் சுட்ட சுண்ணாம்பு உள்ளே வரலாம், அவர்கள் கட்டிய மட்டை உள்ளே வரலாம், அவர்கள் மட்டும் வரக்கூடாது. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் வெட்கமாக இல்லை, எனக்கும்தான்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு கூடத்தை, நாலு சுவரும் உள்பக்கமாக, தான் நினைத்த நிறத்தில் அடித்துப் பார்க்க வேண்டும். என் அம்மா தையல்நாயகியிடம் அதை ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாளாம்.

முப்பத்தெட்டாம் வருஷம் என் அப்பா சுப்பராயலு கூரை வீட்டைப் பிரித்து ஓட்டு வீடு கட்டினார். அந்த வைகாசியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை விழுப்புரம், ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை. புது வீட்டுக் கூடத்தில்தான் தாலி கட்டுவது என்று முடிவு. வெளிச்சுவரை இருதயமேரியும் சவுரிராயனும் அடித்தார்கள். உள்ளே அடிக்க விழுப்புரத்திலிருந்து சக்கரபாணி என்ற பெயிண்டரை அப்பா கூட்டி வந்தார். அவர் கையில் மெட்ராஸ் கம்பெனியின் டப்பாக்களும் கட்டம் கட்டமாக வர்ணம் போட்ட அட்டையும் இருந்தன.

அந்த அட்டைதான் எங்கள் குடியைக் கெடுத்தது. வீட்டில் ஆளுக்கொரு கட்டத்தில் விரலை வைத்தோம். அப்பா கிளிப்பச்சை என்றார். அப்பாவின் அக்கா, என் அத்தை வீரம்மாள், தூணுக்கு ரோஸ் என்றாள். எனக்குக் கதவு நீலமாக இருக்க வேண்டும். சக்கரபாணி தன் பங்குக்கு உத்தரத்தில் மஞ்சள் அடிக்கிறேன் என்றார். எல்லாமே நல்ல நிறங்கள்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. அடித்து முடித்துப் பார்த்தால் கூடம் திருவிழாக் கடை மாதிரி இருந்தது. சக்கரபாணி டப்பாவைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

"பழகிடும்" என்றாள் அத்தை. அம்மாவுக்குப் பழகவில்லை. கூடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். வெளியே போனால் இருதயமேரி அடித்த மதில் எதிரில் நிற்கும். வெள்ளைச் சுவர், அடியில் முழங்கால் உயரத்துக்குக் காவி, இரண்டுக்கும் நடுவில் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. அதைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருப்பாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மாட்டுக்கொட்டகைக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தவளை அம்மா கூப்பிட்டாள்.

"ஏ இருதயம், கூடத்துக்கு இன்னா நெறம் அடிச்சா நல்லா இருக்கும், சொல்லேன்."

"பாக்காம எப்படிம்மா சொல்றது?"

"பச்சை செவுரு, ரோஸ் தூணு, நீலக் கதவு. தரை செவப்பு ஓடு."

"காதால கேட்டு நெறம் சொல்ல முடியாதும்மா. வெளிச்சம் எந்தப் பக்கமா வருதுன்னு பாக்கணும். காலையில ஒரு தரம், உச்சியில ஒரு தரம், பொழுது சாயறப்போ ஒரு தரம். உள்ள நின்னு பாக்கணும்."

உள்ளே என்ற சொல்லை அவள் அழுத்தவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அம்மா அன்று மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அப்பா அத்தையைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அப்பா பேசுவதற்கு முன்னால் அத்தையைப் பார்ப்பது வழக்கம். இளம்வயதில் கணவனை இழந்து திரும்பி வந்தவள், வீட்டையும் எங்களையும் அவள்தான் கட்டி ஆண்டாள். கெட்டவள் இல்லை. ஆனால் ஒன்று இப்படித்தான் என்று நினைத்துவிட்டால் அதிலிருந்து அவளை நகர்த்த முடியாது.

அத்தைக்கும் அந்தப் பச்சை கண்ணை உறுத்தியிருக்க வேண்டும்.

"பின்வாசல் வழியா வரட்டும். வேல முடிஞ்சி போனதும் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

என்ன பார்த்துக்கொள்வாள் என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை இருதயமேரி பின்வாசலில் மாட்டைத் தாண்டி, சாணியைத் தாண்டி உள்ளே வந்தாள். கையில் ஒரு கூடை. அதில் உடைந்த பானைச் சில்லுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் பூசிக் காயவைத்தது. கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். சுவரைப் பார்ப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் தரையைப் பார்த்தாள், பிறகு மேலே பனை உத்தரங்களைப் பார்த்தாள்.

"இதுங்க ரெண்டையும் மாத்த முடியாது. இதுங்கதான் வீட்டுக்காரங்க. நாம கொண்டாற நெறம் விருந்தாளிங்க. விருந்தாளிதான் வீட்டுக்காரங்க கூட ஒத்துப்போவணும்."

"அப்போ இந்தப் பச்சை?" என்றாள் அம்மா.

"நல்ல பச்சைதாம்மா. செவப்புத் தரை மேல நிக்க வச்சதால ரெண்டும் மல்லுக்கு நிக்குது. தூணு ஒரு பக்கம் கத்துது, கதவு ஒரு பக்கம் கத்துது. எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா யாருக்கு இன்னா கேக்கும்? ஒருத்தர் பேசணும், மத்தவங்க கேட்டுக்கினு இருக்கணும்."

மூலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. வாய் பிரிந்திருந்த மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்து, உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"இதுல மூணு நெறம் இருக்குது. ஓடு, தோலு, பருப்பு. மூணும் ஒண்ணா பொறந்ததுங்க, சண்ட போட்டுக்காது. மேல் செவுரு பருப்பு நெறம். கீழ இடுப்பு ஒசரத்துக்குத் தோலு நெறம், அது தரையோட சேந்துக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஓட்டு நெறத்துல ஒரு பட்டை. தூணையும் கதவையும் சொரண்டிட்டு எண்ண தேச்சா போதும், மரத்துக்கு அதோட நெறமே அழகு."

என் நீலக் கதவு போகிறது என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அதையும் கவனித்துவிட்டாள்.

"சின்னம்மா கேட்ட நீலம் எங்கயும் போவல. வெளக்கு மாடத்துக்குள்ள மட்டும் அடிக்கிறேன். அங்க ஒரு கை நீலம் இருந்தாத்தான் மத்ததெல்லாம் எடுப்பா தெரியும்" என்றாள். எனக்கு அரை மனதாகச் சமாதானம் ஆயிற்று.

உடனே வேலை ஆரம்பிக்கவில்லை. சில்லுகளைச் சுவரோரமாக வரிசையாகச் சாத்தி வைத்துவிட்டுப் போனாள். உச்சிவேளையில் வந்து பார்த்தாள், பொழுது சாயும்போது வந்து பார்த்தாள். மதிய வெயில் முற்றத்தில் இறங்கிச் சிவப்புத் தரையில் பட்டுச் சுவரில் ஏறுகிறது, அதனால் பருப்பு நிறம் அந்த நேரத்துக்கு ரோஸாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்து, கலவையில் மஞ்சள் மண்ணை ஒரு கை கூட்டினாள். இதையெல்லாம் அந்த வர்ண அட்டை சொல்லாது.

சவுரிராயன் பழைய பூச்சைச் சுரண்டிக் கழுவ இரண்டு நாள் ஆயிற்று. அடித்துக் காயவிட்டு மறுபூச்சு அடிக்க நாலு நாள். ஒவ்வொரு நாளும் பின்வாசல் வழியாக வந்தார்கள், பின்வாசல் வழியாகப் போனார்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது வேலை முடிந்தது. கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னாள்:

"நாலு நாளைக்கி செவுத்துல தண்ணி படக்கூடாதும்மா. சுண்ணாம்பு இன்னும் அடங்கல."

அத்தை அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தச் சாயங்காலம் கூடம் இருந்த இருப்பை என்னால் மறக்க முடியாது. பெரிய வீடு ஆகிவிட்ட மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. அப்பா நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மல்லாட்டையில இவ்ளோ இருக்குதா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அம்மா பல நாளுக்குப் பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

விளக்கேற்றும் நேரத்தில் அத்தை பித்தளைச் சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்து, மாவிலைக் கொத்தோடு வந்தாள். சேரி ஆட்கள் கால் வைத்த வீட்டைச் சுத்தம் செய்யாமல் கல்யாணம் நடத்துவதா? தரைக்குத் தெளித்தாள், தூணுக்குத் தெளித்தாள், அவர்கள் கை பட்ட இடமெல்லாம் சுத்தமாக வேண்டும் என்று சுவர்களுக்கும் எட்டின மட்டும் வீசி வீசித் தெளித்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். விளக்கின் மங்கலில் ஒன்றும் தெரியவில்லை.

விடிந்ததும் முதலில் பார்த்தது நான்தான். பருப்பு நிறச் சுவர் பூராவும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. சில இடங்களில் வழிந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. கூடத்துக்கு அம்மை போட்டமாதிரி இருந்தது.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். இது தெரியாத பெண் தமிழ்நாட்டில் இல்லை, ஆரத்தி கரைப்பதே அப்படித்தான். அத்தை தன் ஆயுளில் ஆயிரம் ஆரத்தி கரைத்திருப்பாள். ஆனால் சுண்ணாம்பு என்றால் வெள்ளை என்றே அவள் புத்தியில் பதிந்திருந்தது. நிறம் போட்ட சுவருக்குள்ளும் இருப்பது அதே சுண்ணாம்புதான் என்று தோன்றவில்லை. சுவரைப் பார்த்த கணத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கும் புரிந்தது, அப்பாவுக்கும் எனக்கும் புரிந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால், தெளித்தோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எதற்காகத் தெளித்தோம் என்றும் சொல்ல வேண்டும். அதுவும் யார் முன்னால்? அதனால் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

"இன்னாத்தையோ கலந்துட்டா பாவி. உள்ள விட்டது தப்பு" என்றாள் அத்தை.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனத்தில் ரயில் இறங்குகிறார்கள். ரத்தம் தெறித்த மாதிரிச் சுவரோடு எப்படி வரவேற்பது? அப்பா ஆள் அனுப்பி இருவரையும் வரச்சொன்னார். தெருவில் பந்தல் போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். இருதயமேரி தெருவில் நின்றாள், முன்வாசல் கதவு திறந்திருந்தது, அங்கிருந்தே சுவர் தெரிந்தது.

"பாத்தியா நீ செஞ்ச வேலய?" என்று அப்பா கத்தினார். "இன்னாடி கலந்தே அதுல?"

"ஆண்டே, தெரியாம ஏதாச்சும்..." என்று சவுரிராயன் கும்பிடப் போனான். இருதயமேரி அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி குடுங்க ஐயா" என்றாள்.

அப்பா அத்தையைப் பார்த்தார், அத்தை பந்தக்காலைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி நாலு பேர் நிற்கிறோம், குற்றம் செய்யாதவள் தெருவில் நிற்கிறாள் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. நலங்குக்குக் கரைத்து வைத்திருந்த மஞ்சளை அதே பித்தளைச் சொம்பில் மொண்டு எடுத்துக்கொண்டு போய், வாசற்படியில் நின்று, அவள் கையிலேயே கொடுத்தேன். "பூமாலை" என்று என் பெயரைச் சொல்லி அத்தை பின்னாலிருந்து அதட்டினாள். நான் திரும்பவில்லை.

இருதயமேரி முந்தாநாள் மறுபூச்சு கண்ட வெள்ளை மதிலுக்குப் போய், விரலை நனைத்து எல்லோரும் பார்க்க ஒரு வீச்சு வீசினாள். மஞ்சளாகப் பட்டது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. பந்தல்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கயிறு கட்டத் திரும்பிக்கொண்டான்.

"நான் கலந்தது சுண்ணாம்பும் மண்ணும்தான் ஐயா. மத்தது உங்க சொம்புல இருந்தது."

அப்பாவால் அதற்குமேல் கத்த முடியவில்லை. "செரி, இப்போ இன்னா செய்யணும், அதச் சொல்லு. ஜல்தியா ஆவணும்" என்றார்.

"மேலயே அடிச்சா ஊறிக்கினு வெளிய வந்துடும். பொட்டு பொட்டா சொரண்டிட்டு, அதே கலவையில அடிக்கணும். ரெண்டு பேரும் நின்னா நாளைக்கி உச்சிக்குள்ள முடிச்சிடலாம். ஆனா நான் உள்ள வந்துட்டுப் போனா மறுபடியும் தெளிப்பீங்க. தெளிச்சா மறுபடியும் செவக்கும். அதனால தெளிக்கக்கூடாது."

அவள் மேலே சொன்னாள்.

"அப்பறம், பின்வாசல்ல மாடு கட்டிக்கெடக்குது. சாயப் பானையத் தூக்கிக்கினு அந்தச் சாணியில வழுக்கிக்கினு வர மாட்டேன். முன்வாசல்ல வர்றேன்."

"வேற ஆளே கெடைக்காதுன்னு நெனைப்பா?" என்றார் அப்பா.

"கூட்டியாங்க ஐயா. இந்தப் பக்கத்துல வெள்ளையடிக்கிறவங்க அத்தனை பேரும் எங்க தெருதான்."

குரலை உயர்த்தவே இல்லை. சவுரிராயன் அவளைப் பின்னுக்கு இழுக்கவில்லை, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அப்பா வாசலை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கினார். அப்போதும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒதுங்கினால் போதுமா, கூப்பிட வேண்டாமா?

"உள்ள வாம்மா" என்றாள் என் அம்மா.

இருதயமேரி முன்வாசல் படியேறி உள்ளே வந்தாள். அத்தை சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் உச்சிக்குள் முடித்துவிட்டார்கள். கடைசியாக அவள் மட்டையை அலசும்போது முன்வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பொட்டு அப்படியே இருப்பதைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தால் மறைந்துவிடும், உள்ளிருந்து சாத்தினால்தான் தெரியும், ஆள் உயரத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு.

"அங்க ஒண்ணு விட்டுப்போச்சு" என்றேன்.

"தெரியும் சின்னம்மா. வேணும்னுதான் விட்டேன். கல்யாணத்துக்குக் கதவு தொறந்தே இருக்கும், யார் கண்ணுலயும் படாது."

"எப்பதான் பூசுவ?"

"உங்க அத்த வாயால என்ன உள்ள வான்னு கூப்புட்ற அன்னிக்கி."

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் நடந்தது. விழுப்புரத்துக்காரர்கள் பெண்ணைவிடக் கூடத்தை அதிகம் பார்த்தார்கள், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட. அன்று யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை, சுவருக்குப் பயம்.

அதற்குப் பிறகு இருதயமேரி வைத்துக்கொண்ட ஒரு வழக்கம் கடைசிவரை மாறவில்லை. யார் வீட்டுக்கு வேலைக்குக் கூப்பிட்டாலும், என்ன நிறம், எத்தனை சுவர் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள். "மஞ்சத்தண்ணி தெளிப்பீங்களா?" தெளிப்போம் என்றால், "அப்போ வெளிச்செவுரு மட்டும் அடிக்கிறேன், உள்ள செவந்துபோச்சுன்னா எனக்குப் பேஜாரு" என்று முடித்துக்கொள்வாள். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. சேரியிலேயே, எதற்கு இந்த வம்பு என்று திட்டியவர்களும் உண்டு. இரண்டு பொங்கலுக்கு அவளுக்கு வேலை குறைந்துபோனது. அவள் கேள்வியை மாற்றவில்லை.

யுத்தம் வந்து மெட்ராஸ் டப்பாக்கள் கிடைக்காமல் போனபோதுதான் அவளைத் தேட ஆரம்பித்தார்கள். மண்ணுக்கும் காவிக்கும் தட்டுப்பாடு வருமா? சக்கரபாணியே ஒலக்கூருக்கு வந்து, மஞ்சள் மண் எந்தப் பள்ளத்தில் வெட்டுகிறாய் என்று அவளைக் கேட்டார். அவளும் ஒளிக்காமல் காட்டினாள். நாற்பத்திரண்டில் விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் அவளைக் கூப்பிட்டேன். ரயிலில் வந்து இறங்கி, வாசலில் நின்று, என்னிடமே அந்தக் கேள்வியைக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கேட்டது நியாயம்தான்.

"தெளிக்க மாட்டோம், வா" என்றேன். மாமியார் முணுமுணுத்தாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்குக் கறுப்புச் சிமெண்டுத் தரை. மல்லாட்டை நிறம் கேட்டேன், கூடாது என்றுவிட்டாள். கறுப்புத் தரைக்கு மோர் நிறத்தில் சுவரும் வெளிர் நீலத்தில் பட்டையும் என்று சொல்லிச் சில்லுகளைச் சாத்தினாள். ஒரு வீட்டுக்கு ஒத்தது இன்னொரு வீட்டுக்கு ஒத்துவராது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர்க் கூடத்தை வருஷாவருஷம் பொங்கலுக்கு முன்னால் அவள்தான் அடித்தாள், முன்வாசல் வழியாக வந்து. அம்மா கூப்பிடுவாள், வருவாள். கதவுக்குப் பின்னால் இருந்த அந்த ஒரு கை இடத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டுப் போவாள். வெயில் படாத இடம், பொட்டு கொஞ்சம் கொஞ்சமாக மங்கிச் செங்கல்தூள் நிறத்துக்கு வந்தது, அழியவில்லை. சாயங்காலம் கதவைச் சாத்துகிறவள் அத்தை. தினம் சாத்தினாள், தினம் பார்த்தாள். ஒரு முறை அதன்மேல் காலண்டரை மாட்டினாள், ஆணி நிற்கவில்லை. இன்னொரு முறை தானே கொஞ்சம் சுண்ணாம்பை எடுத்துப் பூசினாள். இரண்டே நாளில் ஊறிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

என் கல்யாணத்தின்போது சிறு பையனாக இருந்த தம்பி சீனுவாசனுக்கு நாற்பத்தாறில் கல்யாணம் நிச்சயமாயிற்று. நான் முன்கூட்டியே ஊருக்கு வந்துவிட்டேன். கூடம் அடிக்க இருதயமேரியும் சவுரிராயனும் வந்து தெருவில் பானையை இறக்கினார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல், உள்ளே படுத்திருந்தாள். கூப்பிடலாம் என்று நான் எழுந்தேன். எனக்கு முன்னால் அத்தை வாசலுக்குப் போய்விட்டாள்.

"உள்ள வா" என்றாள். "அந்தப் பொட்டயும் பூசிடு. பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க."

எட்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. இருதயமேரி உள்ளே வந்தாள். கதவைச் சாத்தி அந்தப் பொட்டைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். மற்ற சுவரெல்லாம் அன்று முழுக்க அடித்தார்கள். சாயங்காலம் கிளம்பும்போது பொட்டு அப்படியே இருந்தது.

"ஏன் பூசல?" என்றாள் அத்தை.

"இன்னிக்கி நீங்க சொன்னது இன்னும் ஈரம்தாம்மா. கல்யாணத்துக்காகச் சொன்னீங்களோ, எனக்காகச் சொன்னீங்களோ, தெரியல. காயட்டும். நாளைக்கும் அதே நெறமா இருந்தா பூசுறேன்."

அத்தையை அப்படிப் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. அத்தை வெடிக்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பொட்டுக்கு எதிரே நின்றாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது முன்வாசல் திறந்திருந்தது. அத்தை படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஓடைப்பக்கம் திரும்பி வருவது தெரிந்ததும் எழுந்து நின்றாள்.

"வா இருதயமேரி. உள்ள வா, வந்து ஒக்காரு. பொட்டு இருந்தா இருக்கட்டும், அதுக்கு இன்னா அவசரம்."

அத்தை அவள் முழுப் பெயரைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. இருதயமேரி கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து கதவைச் சாத்தி, பொட்டைச் சுரண்டி, துடைத்து, பருப்பு நிறத்தை இரண்டு கை பூசினாள்.

அத்தை உள்ளே போய்ப் பித்தளைச் சொம்போடு வந்தாள். அதே சொம்புதான். மேல்சுவருக்கு மறுபூச்சு அடிக்க ஏணிமேல் ஏறியிருந்த சவுரிராயன் அப்படியே நின்றான். அத்தை அதை இருதயமேரியிடம் நீட்டினாள்.

இருதயமேரி இரண்டு கையாலும் வாங்கினாள். குடிப்பதற்கு முன்னால் சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான். அண்ணாந்து பாதியைக் குடித்துவிட்டு, மீதியை ஏணிமேல் இருந்த சவுரிராயனிடம் நீட்டினாள்.